கல்லுக்கும் சாதி சொன்னார்!

பொள்ளாச்சிச் சந்தையை ஒரு முறையேனும் பாராத கொங்கு நாட்டார் இரார். மாடு ஒரு புறம், ஆடு ஒரு புறம். தேங்காய்க் குவியல் ஒரு பக்கம், வெல்ல மூட்டை ஒரு பக்கம். துண்டுக்குள் கை நுழைத்து விரல் பிடித்து விலை பேசும் தரகர்களைப் பார்ப்பதே ஒரு காட்சி! அந்தச் சந்தையில் வகை பிரிக்காத பொருள் ஒன்றும் இல்லை. காயைத் தட்டி முற்றலைப் பிரிப்பார். வெல்லத்தைக் கிள்ளி நிறத்தைப் பிரிப்பார். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பல் பார்த்தால் வயது தெரியும். வயது தெரிந்தால் எத்தனை ஆண்டு ஏர் இழுக்கும் என்பது தெரியும். அது அறிவு.

ஆனால் அதே மனிதர், பல்லைப் பார்த்துவிட்டுச் சுழியையும் பார்ப்பார். இந்த இடத்தில் மயிர் சுழித்திருந்தால் வீட்டுக்கு ஆகாது, அந்த இடத்தில் சுழித்திருந்தால் செல்வம் கொழிக்கும் என்பார். நல்ல உழைப்பாளி மாடு, சுழி செய்த குற்றத்தால் பாதி விலைக்குப் போகும். பல் பேசுவது மாட்டைப் பற்றி. சுழி பேசுவது யாரைப் பற்றி? பார்ப்பவனின் அச்சத்தைப் பற்றி!

வகைப்படுத்துவது குற்றமன்று. வகைப்படுத்தாமல் வாணிபமும் இல்லை, கல்வியும் இல்லை. எதை அளவுகோலாகக் கொண்டு வகுக்கிறோம் என்பதிலேதான் அறிவும் அறியாமையும் வழி பிரிகின்றன. இந்த உண்மையைக் கன்றுகாலிகளிடம் மட்டும் அல்ல, நாம் மிதித்து நடக்கும் கற்களிடமும் காணலாம். கற்களை மனிதன் எப்படி எப்படியெல்லாம் வகுத்தான் என்னும் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். அந்த வரலாற்றின் முதல் ஏடுகளில் சில, நமது கொங்கு மண்ணிலேயே கிடக்கின்றன.

பொள்ளாச்சியில் ரோமாபுரி வெள்ளி

1800ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர் மைசூர், கொங்கு, மலையாள நாடுகளைச் சுற்றி வந்தார். அவருடைய பயண நூல் 1807இல் இலண்டனில் வெளியாயிற்று. பொள்ளாச்சியில் ஒரு பானையில் கிடைத்த ரோமானிய வெள்ளி நாணயங்களைப் பற்றி அந்நூலில் அவர் எழுதியிருக்கிறார். அகஸ்தஸ், திபேரியஸ் என்னும் பேரரசர்களின் முகம் பொறித்த காசுகள் அவை. பின்னாளில் வெள்ளலூரிலும், கொங்கு நாட்டின் வேறு பல ஊர்களிலும் இத்தகைய புதையல்கள் வெளிப்பட்டன.

ஏழு கடல் தாண்டிய அரசனின் முகம் இந்த மண்ணுக்குள் எப்படி வந்து புகுந்தது? பாலக்காட்டுக் கணவாய் வழியாக, மேற்குக் கடற்கரையின் முசிறித் துறையிலிருந்து வந்தது. நம்மிடமிருந்து போனவற்றுள் மிளகும் உண்டு, மணியும் உண்டு. மணி என்றால் எங்கோ மலைமுகட்டில் விளைந்ததன்று. காங்கேயத்துக்கும் திருப்பூருக்கும் இடையே இருக்கிறதே படியூர், அவ்வூர் மண்ணில் விளைந்த கடல்வண்ணப் பச்சைக் கல். இன்று அதனைப் 'பெரில்' என்கிறார்கள். நீலங்கலந்த வகைக்கு 'அக்குவாமரின்' என்று பெயர். 1819, 1820ஆம் ஆண்டுகளில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் படியூரில் இக்கல்லை எடுத்தார். பிற்காலத்தில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவியவர் அவரே.

நொய்யலாற்றங்கரையில், சென்னிமலைக்கு அண்மையில் கொடுமணல் என்னும் சிற்றூர் உண்டு. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று புகழ்ந்து பேசும் ஊர் இதுவே என்பர் அறிஞர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்து பார்த்தனர். பெரில், நீலம், பளிங்கு, சூதுபவளம் முதலிய கற்களில் செய்த மணிகளும், செய்து முடியாத மணிகளும், பட்டறைக் கழிவுகளும் கிடைத்தன. எஃகு உருக்கிய உலைகளின் தடயங்களும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. கல்லைத் தேர்ந்து, அறுத்து, துளையிட்டு, மெருகேற்றிய தொழிலாளர் எழுத்தறிவு பரவியிருந்த ஓர் ஊரில் வாழ்ந்தனர் என்பதைக் காட்டும் சான்றுகள் இவை.

இயேசுவுக்குப் பின் 79இல் மறைந்த ரோமானியப் பேரறிஞர் பிளினி, தமது இயற்கை வரலாற்று நூலின் இறுதிப் பகுதியில் இந்தக் கல்லைப் பற்றிப் பேசுகிறார். பெரில் பெரும்பாலும் இந்தியாவில் கிடைப்பது, வேறிடங்களில் அரிது என்கிறார். அத்தோடு நில்லாமல், மரகதமும் பெரிலும் ஒரே இயல்புடையவை எனப் பலர் கருதுவதாகவும் குறித்து வைத்தார். இந்தக் குறிப்பை வாசகர்கள் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் இது உயிர்த்தெழப் போகிறது!

மணிகளுக்குள் நால்வருணம்

கல்லை எடுத்தவர்கள் உழைப்பாளிகள். அறுத்தவர்கள் கைவினைஞர்கள். கொண்டு போய் விற்றவர்கள் வணிகர்கள். அந்தக் கல்லைப் பற்றி நூல் எழுதியவர்கள் செய்தது என்ன?

ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர், பிருகத் சம்கிதை என்னும் வடமொழி நூலில் வைரத்தைப் பற்றி ஓர் இயல் எழுதினார். வெள்ளை வைரம் பார்ப்பனர்க்கு உரியது. சிவப்பும் மஞ்சளும் அரசர்க்கு உரியவை. வாகைப் பூ நிறத்தது வணிகர்க்கு உரியது. வாளின் நிறம் போலக் கறுத்தது சூத்திரர்க்கு உரியது என்று அங்கே வகுக்கப்பட்டது. பின்வந்த மணி நூல்கள் இன்னும் ஓர் அடி தாண்டின. கல்லை அணிவோனுக்குச் சாதி சொன்னது போதாதென்று, கல்லுக்கே சாதி சொல்லின! பார்ப்பன வைரம், சத்திரிய வைரம், வைசிய வைரம், சூத்திர வைரம்! பூமிக்குள் பல நூறு கோடி ஆண்டுகள் கிடந்த ஒரு பொருள், மேலே வந்த மறுகணமே நால்வருணத்தில் ஒன்றாகிவிட வேண்டும் என்றால், மனிதன் தப்புவது எங்ஙனம்?

மணிகள் பிறந்த கதையையும் கேளுங்கள். வலன் என்றோர் அசுரன். அவன் வேள்விக்குப் பலியானான். அவன் குருதி மாணிக்கமாயிற்றாம், பல் முத்தாயிற்றாம், எலும்பு வைரமாயிற்றாம், பித்தம் மரகதமாயிற்றாம். கருட புராணம் இதைச் சொல்லிற்று. நமது திருவிளையாடற் புராணமும் மாணிக்கம் விற்ற படலத்தில் இதைப் பாடிற்று. வெட்டுண்டவன் அசுரன், அவன் உடலில் விளைந்த செல்வத்தை அணிந்து மகிழ்ந்தவர்கள் வேறு. இந்தக் கதையில் புதைந்திருக்கும் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

புராணத்தைச் சாடிவிட்டு நம் காப்பியத்தைப் பற்றி வாய் மூடியிருப்பது நேர்மையாகாது. சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவை இளங்கோவடிகள் படம் பிடித்துக் காட்டுகிறார். அங்கேயும் வைரத்துக்கு நான்கு வருணம் பேசப்படுகிறது. காலத்தின் கறை காப்பியத்திலும் படிந்தது என்பதை ஒப்புக்கொள்வோம்.

ஆனால் அதே காதையில் இரண்டு செய்திகள் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்கின்றன. ஒன்று, வைரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், புள்ளி, கீற்று ஆகியவை சொல்லப்படுகின்றன. இவை கண்ணால் கண்டு கூறியவை. இன்றைய மணிச் சோதகர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவதும் இவற்றைத்தான். மற்றொன்று, ஒரே தோற்றமுடையனவாயினும் ஐந்து விதமான அழகு காட்டும் மணிகள் என ஒரு தொகுதி அங்கே குறிக்கப்படுகிறது. மாணிக்கமும் நீலமும் அத்தொகுதியைச் சேர்ந்தவை என்று உரை மரபு சொல்கிறது. நிறம் வேறு, பிறப்பு ஒன்று! கடைத்தெருவில் கல்லைக் கையில் உருட்டிப் பழகியவன் கண்ட உண்மை இது. ஏட்டைப் பார்த்தவன் சாதியைக் கண்டான். கல்லைப் பார்த்தவன் ஒற்றுமையைக் கண்டான். இரண்டு பார்வைகளும் ஒரே தெருவில், ஒரே காதையில் அருகருகே நிற்கின்றன.

மேற்றிசையின் தடுமாற்றம்

மூடத்தனம் நமது தனியுடைமை என்று எண்ணிவிட வேண்டாம். ஐரோப்பாவிலும் கல்லுக்கு மந்திர ஆற்றல் கற்பித்தார்கள். நஞ்சை முறிக்கும் கல், காதலை விளைக்கும் கல் என்றெல்லாம் ஏடுகள் எழுதினார்கள். அந்த இருளிலிருந்து அவர்கள் ஒரே நாளில் வெளியேறவில்லை. ஒருவர் தோளின் மேல் ஒருவர் ஏறி நின்று, மெல்ல மெல்ல எட்டிப் பார்த்தார்கள்.

கிரேக்க நாட்டுத் தியோபிராஸ்தஸ் ஏறத்தாழ இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கற்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். நெருப்பில் இட்டால் எது உருகும், எது உருகாது என்று பார்த்தார். பதினோராம் நூற்றாண்டில் அல்பெரூனி, மணிகளை நீரில் அமிழ்த்தி அவற்றின் அடர்த்தியை அளந்தார். சுரங்க ஊரில் மருத்துவராயிருந்த ஜெர்மானியர் அக்ரிகோலா, 1546இல் நிறம், கடினம், சுவை, மணம் முதலிய வெளிக்குணங்களைக் கொண்டு கனிமங்களைப் பிரித்தார். 1669இல் ஸ்டெனோ, பளிங்குக் கற்கள் சிறிதாயினும் பெரிதாயினும் அவற்றின் முகங்கள் சந்திக்கும் கோணம் மாறுவதில்லை என்று கண்டார். 1735இல் லின்னேயஸ், செடி கொடிகளையும் விலங்குகளையும் போலவே கற்களையும் வகுப்பு, வரிசை, இனம் எனப் பிரித்து ஒரே நூலில் அடக்க முயன்றார். 1774இல் வெர்னர், வெளிக்குணங்களைத் துல்லியமாக விவரிக்கும் முறையை வகுத்தார். 1812இல் மோஸ், எந்தக் கல் எந்தக் கல்லைக் கீறும் என்று பார்த்து, மாக்கல்லை 1 என்றும் வைரத்தை 10 என்றும் வைத்துக் கடின அளவை அமைத்தார். நம் கொங்குக் காடுகளில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் வெங்கச்சங்கல் அந்த அளவில் 7. மாணிக்கமும் நீலமும் 9.

இவை அனைத்தும் உடலை அளந்தவை. உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. செடிக்கு விதை உண்டு. விலங்குக்குக் கரு உண்டு. ஆகவே பெற்றோரைக் கொண்டு இனம் சொல்லலாம். கல்லுக்குத் தாய் ஏது, தந்தை ஏது? பிறப்பைக் கொண்டு வகுக்கும் முறை கல்லிடம் தோற்றுப் போயிற்று.

சாதி சரிந்த சில ஆண்டுகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இரசாயனம் ஓர் ஆராய்ச்சிக் கலையாக வளர்ந்தது. அப்போது மணிகளின் மகுடங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

1797இல் ஸ்மித்சன் டென்னன்ட் என்னும் ஆங்கிலேயர் வைரத்தை எரித்தார். அதிலிருந்து வந்த வாயுவை அளந்தார். அதே எடைக் கரியை எரித்தால் எவ்வளவு கரியமில வாயு வருமோ, அவ்வளவே வந்தது! மன்னர் முடியில் மின்னிய வைரமும் ஏழை அடுப்பில் எரிந்த கரியும் ஒரே பொருள்! வைரத்துக்குப் பார்ப்பனர் முதல் சூத்திரர் வரை நான்கு வருணம் சொன்னார்களே, அந்த நான்கு வருணமும் அந்த ஒரு பிடி வாயுவில் கலந்து போயின.

1798இல் பிரான்சு நாட்டு வோக்லான், மரகதத்தையும் பெரிலையும் பகுத்துப் பார்த்தார். இரண்டின் படிக வடிவமும் ஒத்திருப்பதைக் கண்ட ஆவி என்னும் பாதிரியார், ஆய்ந்து பார்க்குமாறு அவரைத் தூண்டியிருந்தார். இரண்டிலும் அதுவரை அறியப்படாத ஒரே புதுப்பொருள் இருந்தது. பின்னாளில் அதற்குப் பெரிலியம் என்று பெயராயிற்று. அரசிகள் கழுத்தில் அணிந்த மரகதமும், படியூர்க் கல்லும் ஒரே கனிமம் என்பது ஐயத்துக்கு இடமின்றி விளங்கிற்று. பிளினி குறித்து வைத்த பழைய ஐயம் தீர்ந்தது. பெரில் என்னும் கிரேக்கச் சொல்லே பிராகிருதத்தின் 'வேளுரிய' என்பதிலிருந்து போனது என்று சொல்லாய்வாளர் கூறுவர். நமது வைடூரியம் என்னும் சொல்லுக்கும் அதற்கும் உறவுண்டு. இன்று தனிமங்களின் அட்டவணையில் நான்காம் இடத்தில் இருக்கும் பெயரில், இந்தியச் சந்தையின் ஒலி கேட்கிறது!

அதே 1798இல் கிரெவில் என்பவர், ஆசியாவிலிருந்து வந்த ஒரு கடினமான கல்லைப் பற்றி இலண்டன் அறிவியல் கழகத்தில் கட்டுரை படைத்தார். 1802இல் பூர்னோன் என்னும் அறிஞர், அந்தக் கல்லும் மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமத்தின் வகைகள் என்று நிறுவினார். அந்தக் கனிமத்துக்கு உலகம் வைத்துக்கொண்ட பெயர் 'கொரண்டம்'. அது நமது 'குருந்தம்'! மாணிக்க வகையுள் ஒன்றை நம் நூல்கள் குருவிந்தம் என்றன. சாணைக்கல்லாகத் தேய்ந்த குருந்தமும், மாலையில் கோத்த மாணிக்கமும் ஒன்றே. அலுமினியமும் ஆக்சிஜனும் கூடினால் அது குருந்தம். அதில் குரோமியம் சிறிது கலந்தால் சிவப்பு, மாணிக்கம் என்கிறோம். இரும்பும் டைட்டேனியமும் சிறிது கலந்தால் நீலம் என்கிறோம்.

இன்னொரு விந்தை. குருந்தத்தைச் சிவப்பாக்கும் அதே குரோமியம், பெரிலில் புகுந்தால் அதைப் பச்சையாக்கி மரகதமாக்குகிறது! நிறத்தைக் கொண்டு வருணம் வகுத்தவர்கள் எவ்வளவு மெல்லிய நூலில் எவ்வளவு பெரிய பாறையைக் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பதைக் கருதிப் பாருங்கள்.

வகுப்பும் தொகுதியும்

அப்படியானால் இன்று கனிமங்களை எப்படி வகுக்கிறார்கள்? கடினமான நூல் போலத் தோன்றும் இதனைச் சேலத்தையும் மதுக்கரையையும் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். பாறை வேறு, கனிமம் வேறு. பாறை என்பது ஊர். கனிமங்கள் அவ்வூர்க் குடிகள். பொள்ளாச்சிக்குத் தெற்கே நிமிர்ந்து நிற்கும் ஆனைமலைத் தொடரில் 'சார்னோக்கைட்' என்னும் பாறை மிகுதி. 1893இல் ஹாலந்து என்னும் அறிஞர் இப்பெயரை இட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையாக இருந்ததால் வந்த பெயர் அது. அந்தப் பாறைக்குள் வெங்கச்சங்கல்லாகிய குவார்ட்சு, பெல்ஸ்பார், ஹைபர்ஸ்தீன் எனப் பல கனிமங்கள் கூடி வாழ்கின்றன.

கனிமங்களை வகுக்கச் சுவீடன் நாட்டுப் பெர்சீலியஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வழி காட்டினார். உலோகத்தைப் பார்க்காதே, உலோகத்தோடு கூடியிருக்கும் பொருளைப் பார் என்பதே அவர் வந்தடைந்த முடிவு. இரும்பை எடுத்துக்கொள்வோம். கந்தகத்தோடு கூடினால் பொன்னைப் போல மின்னி ஏய்க்கும் பைரைட்டு. ஆக்சிஜனோடு கூடினால் சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் காந்தக் கல். கரியமிலக் கூட்டோடு சேர்ந்தால் சிடரைட்டு. மூன்றிலும் இரும்பு உண்டு. ஆனால் மூன்றும் ஒன்றையொன்று சற்றும் ஒத்திரா. அதே சிடரைட்டு, சுண்ணாம்புக் கல்லோடு உருவிலும் பிளவிலும் உடன்பிறந்தாரைப் போல ஒத்திருக்கும். எனவே கூட்டாளியே வகுப்பைத் தீர்மானிக்கிறான்.

இந்த முறையில் பத்து வகுப்புகள் இன்று வழங்குகின்றன. தங்கம், வைரம் போலத் தனித்து நிற்பவை தனிமங்கள். சாதிலிங்கம், ஈயக்கல் முதலியவை கந்தக வகுப்பு. நாம் உண்ணும் உப்பு, குளோரின் முதலியவற்றோடு கூடிய ஹாலைடு வகுப்பு. காந்தக்கல்லும் குருந்தமும் ஆக்சைடு வகுப்பு. மதுக்கரைச் சுண்ணாம்புக் கல்லும் சேலத்து வெள்ளைக் கல்லாகிய மாக்னசைட்டும் கார்பனேட்டு வகுப்பு. பொற்கொல்லர் கையாளும் வெண்காரம் போரேட்டு வகுப்பு. திருச்சி மாவட்டத்து ஜிப்சம் சல்பேட்டு வகுப்பு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டு பாஸ்பேட்டு வகுப்பு. படியூர்ப் பெரிலும், காக்காய்ப்பொன் எனச் சிறுவர் பொறுக்கும் அப்பிரகமும், பெல்ஸ்பாரும் சிலிக்கேட்டு வகுப்பு. உயிர்ப்பொருள் சார்ந்த அரிய சில கனிமங்கள் பத்தாவது வகுப்பு.

வகுப்பு என்பது தெரு. தொகுதி என்பது அத்தெருவில் ஒரே அமைப்பில் கட்டிய வீடுகள். மதுக்கரைக் கல்லில் கால்சியம், சேலத்துக் கல்லில் மக்னீசியம், சிடரைட்டில் இரும்பு. உள்ளே குடியிருப்பவர் வேறு. வீட்டின் அமைப்பு ஒன்று. எனவே மூன்றும் கால்சைட்டுத் தொகுதி. கோமேதகம் அடங்கிய கார்னெட்டுத் தொகுதியிலும் இப்படியே இரும்பு, மக்னீசியம், கால்சியம், மாங்கனீசு ஆகியவை ஒன்றுக்கொன்று இடம் மாறி அமர்கின்றன.

அமெரிக்க அறிஞர் டானாவின் வரலாறு இங்கே பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. 1837இல், தம் இருபத்து நான்காம் வயதில், கனிமங்களைச் செடிகளைப் போல இரட்டைப் பெயரிட்டு வகுத்துப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். புகழ் வந்தது. ஆயினும் இரசாயனமே சரியான வழி என்பது அவருக்குத் தெளிவாயிற்று. 1850இல் வந்த மூன்றாம் பதிப்பில் தமது பழைய முறையைத் தாமே தூக்கி எறிந்தார்! தாம் கட்டிய கோட்டையைத் தாமே இடித்தார். "முன்னோர் சொன்னார்" என்பதற்காகக் கண் மூடுவோர் உள்ள உலகில், "முன்பு நானே சொன்னேன், ஆயினும் அது தவறு" என்று சொன்ன அந்த மனிதருக்கு நாம் தலை வணங்குவோம்.

இரசாயனத்தோடும் முடியவில்லை. வைரமும் எழுதுகோலில் இருக்கும் காரீயமும் இரண்டும் கரியே. ஒன்று உலகிலேயே கடினம். மற்றது விரலில் ஒட்டும். பொருள் ஒன்றானால் குணம் ஏன் வேறு? 1912இல் லாவே எக்ஸ் கதிர்களைப் படிகத்தினுள் செலுத்திப் பார்க்கும் வழியைக் கண்டார். மறு ஆண்டே பிராக் தந்தையும் மகனும், அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கைப் படிக்கத் தொடங்கினர். அடுக்கு வேறு, ஆகவே குணம் வேறு! பெரிலுக்குள் ஆறு சிலிக்கன் அணுக்கள் வளையமாக அமர்ந்திருப்பதும் தெரிந்தது. படியூர்க் கல் ஆறு பட்டையாக விளைந்ததன் இரகசியம் அதுவே. 1941இல் ஜெர்மானியர் ஸ்ட்ரன்சு, பொருளையும் அடுக்கையும் இணைத்து வகைமுறை அமைத்தார். 1958இல் பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் தோன்றிற்று. புதுக் கனிமம் கண்டேன் என்று எவர் சொன்னாலும், சான்று காட்டி அச்சங்கத்தின் குழுவினருடைய வாக்கைப் பெற வேண்டும். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கனிமங்கள் இன்று ஏற்கப்பட்டுள்ளன. அந்தப் பட்டியலில் உயர்ந்தது என்றோ தாழ்ந்தது என்றோ ஒன்றும் இல்லை. வேறு என்று மட்டுமே உண்டு.

ஒன்பது மணிகளின் உறவு

இந்த அளவுகோலை நவரத்தினத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மாணிக்கமும் நீலமும் ஒரே குருந்தம். புஷ்பராகம் என்று இன்று விற்கப்படும் மஞ்சள் கல் பெரும்பாலும் மஞ்சள் குருந்தமே. மரகதம் படியூர்க் கல்லின் உடன்பிறப்பு. வைரம் கரி. முத்தும் பவளமுமோ கடலுயிர்கள் கட்டிய கால்சியம் கார்பனேட்டு. மதுக்கரையில் சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக் கல்லும் அதே கால்சியம் கார்பனேட்டு! முத்துமாலை அணிந்த சீமாட்டியின் கழுத்திலும், குடிசைக்குச் சுண்ணாம்பு அடிக்க எடுத்த கல்லிலும் ஒரே பொருள். நவக்கிரகங்களுக்கு ஒன்பது மணிகளைப் பங்கிட்டவர்கள், ஒரே கனிமத்தைச் சூரியனுக்கும் சனிக்கும் குருவுக்கும் மும்முறை பங்கிட்டிருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று கேட்போம். 1902இல் வெர்னூயில் என்னும் பிரெஞ்சுக்காரர், அலுமினிய ஆக்சைடுத் தூளைக் கடுந்தீயில் உருக்கி, குரோமியம் சேர்த்து, மாணிக்கத்தை உலையிலேயே விளைவித்துக் காட்டினார். அது போலி அன்று. பொருளாலும் அடுக்காலும் குருந்தமே. அத்தகைய செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டும் தொழில் திருச்சி வட்டாரத்தில் குடிசைத் தொழிலாகவே வளர்ந்தது. உலையில் பிறந்த அந்த மாணிக்கத்துக்கு எந்தச் சாதி? எந்த அசுரனின் குருதி? எந்தக் கிரகத்தின் பார்வை?

படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே கைவிரலில் இராசிக்கல் மோதிரத்தைத் தடவிக்கொள்வார்கள். நாம் அறிந்த ஒரு குடியானவர் குடும்பம் பொள்ளாச்சிக்கு அருகே இருக்கிறது. மூத்த மகனுக்கு வேலை கிடைக்கவில்லை. சனி பார்க்கிறான், நீலம் அணிந்தால் நீங்கும் என்றார் ஒரு சோதிடர். வட்டிக்குப் பணம் வாங்கி ஒரு நீலக்கல் வாங்கினார் தந்தை. ஆண்டு ஒன்று போயிற்று, வேலை வரவில்லை. கல்லூரியில் நிலவியல் படித்த இளைய மகன், காட்டில் கிடந்த வெங்கச்சங்கல் ஒன்றை எடுத்து வந்து அந்த நீலத்தின் ஓரத்தில் உரசினான். கீறல் விழுந்தது! 7 என்னும் கடினமுள்ள கல், 9 என்னும் கடினமுள்ள நீலத்தைக் கீறாது. வாங்கியது நீலமன்று, வெறும் கண்ணாடி. தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்பு நம்மிடம் ஒரே வாக்கியம் சொன்னார்: "கல்லு பொய்யாப் போச்சு, சரிங்க; கடனும் பொய்யாப் போயிருமுங்களா?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. அந்தக் கல் உண்மை நீலமாகவே இருந்திருந்தாலும் வேலை வந்திராது என்பதை மட்டும் சொன்னோம். காட்டில் இலவசமாகக் கிடந்த கல் சொன்ன உண்மையை, கடன் வாங்கி அணிந்த கல் சொல்லவில்லை.

காங்கேயத்துக்கு அருகே சிவன்மலையை நாம் தரிசன மலையாக மட்டுமே அறிவோம். 1901இல், சார்னோக்கைட்டுக்குப் பெயரிட்ட அதே ஹாலந்து, அம்மலையைச் சுற்றியுள்ள அரிய பாறைத் தொகுதியையும் அதில் விளைந்த குருந்தத்தையும் ஆராய்ந்து தனி நூலே எழுதினார். உலக நிலவியலார் அறிந்த அந்த மலையை, அதன் அடிவாரத்துப் பள்ளி மாணவர்கள் அறிய வேண்டாமா? மழை ஓய்ந்த பின் காங்கேயம் பக்கத்துக் காடுகளில் கல் பொறுக்கும் எளிய மக்கள், தம் கையில் இருப்பது பெரிலா, வெறும் பளிங்கா என்று தாமே அறிந்தால், அற்ப விலைக்கு அதைக் கொடுத்துவிட்டு வருவார்களா? கடின அளவையும் அடர்த்தியும் வகுப்பும் தொகுதியும் அவர்கள் கையில் ஆயுதமாக வேண்டும். ஏடு அறியாதவனை ஏய்ப்பதற்கே பயன்பட்ட மணி நூல், அவனைக் காக்கும் நூலாக மாற வேண்டும்.

வகுத்துப் பார்ப்போம், மறுக்கவில்லை. ஆனால் உள்ளிருக்கும் பொருளைக் கொண்டு, அதன் அமைப்பைக் கொண்டு, சோதித்துக் காட்டக்கூடிய சான்றைக் கொண்டு வகுப்போம். தவறென்று தெரிந்த நாளில் டானாவைப் போலத் திருத்திக்கொள்வோம். கல்லின் மேல் ஏற்றிய சாதி, இரசாயனச் சாலையின் ஒரு சிறு சுடரில் எரிந்து போயிற்று. மனிதன் மேல் ஏற்றிய சாதியோ இன்னும் எரியாமல் நிற்கிறது. கல்லுக்கு இல்லாத ஒன்று, கல்லைத் தோண்டி எடுத்தவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

அடுத்த முறை பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும்போது, மாட்டின் பல்லைப் பாருங்கள். சுழியைப் பாராதீர்கள்!